குவெங்காவின் மாதக் கணக்கு

எக்குவடோர் நாட்டின் குவெங்கா நகரில் ஓர் அமெரிக்கத் தம்பதி மாதம் 2,000 டாலருக்குள் நிறைவாக வாழலாம் என்று ஓய்வுக்கால இதழ்கள் வெகுநாளாக எழுதிவருகின்றன. அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் அங்கே குடியேறியும் விட்டார்கள். வாடகை, மளிகை, மின்சாரம், பேருந்து என்று வரிசையாகக் கூட்டிக் காட்டும் அந்தப் பட்டியல்களின் கூட்டலில் பிழை இல்லை. எவற்றைக் கணக்கில் சேர்த்தார்கள், எவற்றை விட்டார்கள் என்பதில்தான் வழக்கு.

பட்டியலுக்குரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுவோம். எக்குவடோர் 2000-இல் தன் சுக்ரே நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரை ஏற்றது. ஓய்வூதியம் வருவதும் டாலரில், செலவாவதும் டாலரில். மெக்சிகோவில் குடியேறியவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது: 2022 தொடக்கத்தில் டாலருக்கு இருபது பெசோவுக்கு மேல் கிடைத்தது, மறு ஆண்டே அது பதினேழுக்கும் கீழே இறங்கியது. குவெங்கா ஆன்டிஸ் மலையில் 2,500 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால் ஏசி தேவையில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற குளிர் மாநிலங்களின் ஹீட்டர் பில்லும் இல்லை. 15 கிலோ சமையல் கேஸ் சிலிண்டரின் அரசு விலை 1.60 டாலர். பேருந்துக் கட்டணம் 30 சென்ட் என்றிருக்க, 65 வயதைக் கடந்தவர் அதில் பாதி கொடுத்தால் போதும். சூப், சோறு, இறைச்சி, பழச்சாறு அடங்கிய அல்முவெர்சோ என்னும் மதியச் சாப்பாடு ஏறத்தாழ மூன்று டாலர். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு, கார் இல்லாமல் வாழ முடிவது. பழைய நகரின் சந்தையும் மருந்துக்கடையும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. அமெரிக்கப் புறநகரில் முதியவரை வறுமையிலும் தனிமையிலும் தள்ளுவதில் காருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சுமை இறங்குவதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் இந்த மலிவுக்கான விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 2025-இல் எக்குவடோரின் குறைந்தபட்ச மாத ஊதியம் 470 டாலர். 2,000 டாலர் பட்ஜெட் என்பது அங்கே நான்கு தொழிலாளர்களின் மாத ஊதியத்தையும் தாண்டியது. அந்த மூன்று டாலர் சாப்பாட்டைச் சமைத்துப் பரிமாறும் பெண்ணின் கூலி தாழ்ந்திருப்பதால்தான் சாப்பாட்டின் விலையும் தாழ்ந்திருக்கிறது. கேஸின் விலையைத் தாங்குவது எக்குவடோர் அரசின் மானியம். குவெங்கா அமைந்திருக்கும் அசுவாய் மாகாணத்திலிருந்து, 1950-களில் வைக்கோல் தொப்பி வணிகம் சரிந்த பிறகு, பிழைப்புத் தேடி நியூயார்க் போனவர்கள் ஏராளம். 1999 வங்கி நெருக்கடிக்குப் பின் அந்த ஓட்டம் பெருகியது. அவர்களில் பலர் ஆவணம் இல்லாமல், கடன்பட்டு, உயிரைப் பணயம் வைத்து எல்லை கடந்தார்கள். அதே பாதையில் எதிர்த்திசையில் வரும் அமெரிக்கருக்கு விமானச் சீட்டும் விசாவும் போதும். குவெங்காவின் அமெரிக்கர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் மாத்யூ ஹேஸ், 2018-இல் வெளியான ‘கிரிங்கோலாந்தியா’ நூலில் இந்த ஏற்றத்தாழ்வையே மையமாக வைத்தார். அவர் வைத்த இடம் சரியானது என்பது என் முடிவு. பட்டியல் எழுதுவோர் இதைத் தொடுவதே இல்லை.

இனி, விடுபட்ட செலவுகள். இறக்குமதியாகும் மின்னணுப் பொருள்களும் மதுவும் அமெரிக்காவைவிட விலை கூட. எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமகன் வருமான வரிக் கணக்கிலிருந்து தப்ப முடியாது; வெளிநாட்டு வங்கிகளில் மொத்த இருப்பு 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கையும் தர வேண்டும். 2024-இல் வறட்சியால் நீர்மின் நிலையங்கள் முடங்கி, நாளில் 14 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. இவற்றைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது நோய். அமெரிக்க அரசு முதியோருக்கு வழங்கும் மெடிகேர் மருத்துவக் காப்பீடு அமெரிக்க எல்லைக்கு வெளியே பொதுவாகச் செல்லாது. தனியார் மருத்துவரைப் பார்ப்பது குவெங்காவில் மலிவுதான். பட்டியலில் இடம்பெறுவதும் அதுதான். பயன்படாத காப்பீட்டுக்கு எதற்குப் பணம் என்று பலர் மெடிகேரில் மருத்துவர் கட்டணங்களுக்கான பி பகுதியை விட்டுவிடுகிறார்கள். 2025-இல் அதன் மாதக் கட்டணம் 185 டாலர். விட்டிருக்கும் ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பத்து விழுக்காடு அபராதம் சேர்கிறது. அதை ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும். 65 வயதில் விட்டவர் 75 வயதில் இடுப்பெலும்பு முறிந்தோ மறதிநோய் தொடங்கியோ ஊர் திரும்பினால், கட்டணம் இரு மடங்கு. போகும்போது அமெரிக்காவில் விற்றுவிட்ட வீட்டின் விலையும் அதற்குள் எங்கோ போயிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: உடல்நலத்தோடு, ஸ்பானிய மொழி கற்கும் முனைப்போடு இருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரரின் ஒரு மாதத்தைப் பொறுத்தவரை பட்டியல் நம்பத்தக்கது. இருபது ஆண்டு முதுமைக்கு அது சாட்சியாக நிற்காது. போக நினைப்பவர் பி பகுதிக் கட்டணத்தையும் ஊர் திரும்பும் செலவுக்கான சேமிப்பையும் மாதக் கணக்கின் முதல் இரு வரிகளாக எழுதிவிட்டு, அதன் பிறகு வாடகைக்கு வரட்டும். அப்போதும் கணக்கு நின்றால் தாராளமாகப் போகலாம். போய், சமையலுக்கும் துப்புரவுக்கும் வருபவருக்கு ஊர் வழக்கக் கூலியைவிடக் கூட்டிக் கொடுக்கலாம். அந்த வரிக்கும் 2,000 டாலரில் இடமிருக்கிறது.