ஒன்பதாம் மண்டலம்: ஒரு குற்றச்சாட்டின் பொருள்கோள்

எழுத்தொன்றைக் குற்றமெனத் தீர்ப்பதற்கு முன், அவ்வெழுத்தை நீதிமன்றம் வாசித்தாக வேண்டும். ஆகவே எழுதியவர்மீது தொடரப்படும் எவ்வழக்கும் அடிப்படையில் ஒரு பொருள்கோள் முயற்சியேயாகும். திருமறையை விளக்குவதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட நாம், சட்டக்கல்வி பெறாதவராயினும், அம்முயற்சியின் நேர்மையை ஆராயத் தகுதியற்றவரல்லர். எத்தியோப்பியாவில் 2014-ஆம் ஆண்டு இளம் எழுத்தாளர் சிலர்மீது சாட்டப்பட்ட குற்றத்தை இந்நோக்கில் ஈண்டு ஆராய விழைகிறோம்.

அந்நாட்டின் தலைநகராகிய அடிஸ் அபாபாவில் கலிட்டி என்னும் பெருஞ்சிறை ஒன்றுண்டு. அது எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அங்கே அடைபட்டிருந்த பத்திரிகையாளரைக் காணச் சென்று வந்த இளைஞர் சிலர், சிறைக்கு வெளியே பரந்து கிடக்கும் நாடு முழுவதும் ஒன்பதாம் மண்டலமே எனக் கண்டனர். 2012-இல் தாங்கள் அமைத்த எழுத்தாளர் குழுவுக்கு அப்பெயரையே சூட்டினர். விரிவுரையாளர், பொறியாளர் போன்ற பணிகளில் இருந்த அவர்கள் வலைப்பதிவர்கள். அதாவது, இணையத்தின் வழியே தம் கட்டுரைகளைத் தாமே வெளியிட்டு வந்தவர்கள். அவர்கள் நடத்திய இயக்கங்களுள் ஒன்று, நாட்டின் அரசியலமைப்பை மதித்து நடக்குமாறு அரசை வேண்டுவதாகும். 1995-இல் நடைமுறைக்கு வந்த அவ்வரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு கருத்துரிமையை உறுதிசெய்கிறது.

2014 ஏப்ரல் 25, 26 ஆகிய நாள்களில் இக்குழுவினர் அறுவரும், அவர்களோடு பத்திரிகையாளர் மூவரும் கைது செய்யப்பட்டு, மேக்கெலாவி என்னும் விசாரணைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ மூன்று மாதங்கள் குற்றச்சாட்டு எதுவுமின்றிக் கழிந்தன. ஜூலையில், 2009-ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின்கீழ்ச் சதித்திட்டம் தீட்டியவர்கள் என அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அரசியலமைப்பு ஒழுங்கைத் தாக்கினர் என்பதும் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. அரசியலமைப்பைக் கைக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்களே அதன் பகைவராக எழுதப்பட்டனர். இணையச் செய்திகளைப் பிறர் படிக்காவண்ணம் காத்துக்கொள்ளும் பயிற்சியைப் பெற்றதுகூடச் சதிக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதைக் குற்றமெனக் கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

இத்தகைய வாசிப்பு எங்ஙனம் பிறந்தது என அறிய வேண்டுமாயின், அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவை நோக்க வேண்டும். பயங்கரவாதத்தை ஊக்குவிக்கும் வெளியீட்டிற்கு 10 முதல் 20 ஆண்டுவரை கடுஞ்சிறை என அது விதித்தது. ஊக்குவித்தல் நேரடியாகவோ மறைமுகமாகவோ இருக்கலாம். பொதுமக்களுள் சிலரேனும் அவ்வாறு பொருள்கொள்ளக்கூடும் என்பதே குற்றத்திற்குப் போதுமானது. எழுதியவர் யாது கருதினார் என்பதோ, எழுத்து யாது கூறுகிறது என்பதோ இங்கு இறுதி அளவுகோலன்று. யாரோ ஒருவர் எங்ஙனம் புரிந்துகொள்ளக்கூடும் என்று ஆட்சியாளர் அஞ்சுகிறாரோ, அவ்வச்சமே எழுத்தின் பொருளாகிவிடுகிறது. எஸ்கிந்தர் நெகா என்னும் பத்திரிகையாளர், 2011-இல் வட ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த மக்கள் எழுச்சி எத்தியோப்பியாவிலும் நிகழக்கூடுமா என்பது பற்றி எழுதினார். அமைதி வழியையே வலியுறுத்தினார். 2012 ஜூலையில் இச்சட்டத்தின்கீழ் அவருக்கு 18 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இவ்வகை வாசிப்பு நமக்குப் புதியதன்று. பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றி அரசனுக்கு அனுப்பிய செய்தியை நினைவுகூர்வோம். ஆமோஸ் பேசியது எரொபெயாமின் வீட்டாருக்கு வரும் நியாயத்தீர்ப்பைப் பற்றி. அமத்சியாவோ, அரசனே பட்டயத்தால் சாவான் என்று அவன் கூறியதாக மாற்றி அறிவித்து, அவனைச் சதிகாரன் என்றான். ஏழைகள் ஒடுக்கப்படுவதைப் பற்றித் தீர்க்கதரிசி கூறிய அனைத்தும் அச்செய்தியில் விடுபட்டுப் போயின. காரணத்தை நீக்கி, சொல்லைச் சற்றே திருப்பி, பேசியவனைப் பகைவனாக்குதல் என்னும் இம்முறையே குற்றப்பத்திரிகைகளின் பழைய இலக்கணம். அதை எழுதியவன் படைத்தலைவன் அல்லன், ஆசாரியன் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இங்கு மறுப்பொன்று எழக்கூடும். எத்தியோப்பியா அச்சமின்றி வாழ்ந்த நாடன்று. 1977, 1978-ஆம் ஆண்டுகளின் செம்பயங்கரத்தையும், 1998 முதல் 2000 வரை எரித்திரேயாவோடு நடந்த போரையும் அது கண்டது. அண்டை நாடாகிய சோமாலியாவில் அல்-ஷபாப் ஆயுதமேந்தி நின்றது. சொற்கள் கொலை செய்யும் என்பதற்கு 1994-இல் ருவாண்டாவின் வானொலி சான்றாயிற்று. ஆகவே எச்சொல்லையும் தண்டிக்கலாகாது என நாம் வாதிடவில்லை. அயலானைக் கொல்லத் தூண்டும் சொல் ஒன்று. ஆள்வோனிடம் கணக்குக் கேட்கும் சொல் வேறொன்று. முன்னதன் பெயரால் பின்னதைத் தண்டிக்கும்போது நாட்டின் பாதுகாப்பு வளர்வதில்லை. கணக்குக் கேட்கும் இடந்தான் இல்லாமற் போகிறது. 2010-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கூட்டணியும் அதன் தோழமைக் கட்சிகளும் 547 இடங்களில் 545-ஐப் பெற்றன. 2015-இல் 547-ஐயும் பெற்றன. மாற்றுக்குரல் ஒன்றுகூட இல்லாத பாராளுமன்றத்தைக் கொண்ட நாட்டில், சில இளைஞரின் கட்டுரைகள் அரசுக்கு அச்சமூட்டின என்பதில் வியப்பில்லை. கேள்வி கேட்கும் பணி அவ்வளவு சிலரிடமே எஞ்சியிருந்தது.

வழக்கு பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. 2015 ஜூலையில் ஐவர்மீதான குற்றச்சாட்டுகளை அரசே விலக்கிக்கொண்டது. அக்டோபர் 16-இல் எஞ்சியோரைப் பயங்கரவாதக் குற்றத்தினின்று நீதிமன்றம் விடுவித்தது. பெஃபெகாது ஹைலு மட்டும் தூண்டுதல் என்னும் சிறு குற்றச்சாட்டை எதிர்கொள்ளுமாறு கூறப்பட்டு, சில நாள்களில் பிணையில் வெளிவந்தார். ஆனால் இதனை நீதியின் வெற்றி எனக் கொண்டாட நம்மால் இயலவில்லை. குற்றமற்றவர்கள் எனக் காணப்பட்டோர் ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் இருந்துவிட்டனர். தண்டனை முதலில் வந்தது. தீர்ப்புப் பின்னால் வந்தது. எழுத நினைத்த பிறருக்கு வேண்டிய பாடம் அதற்குள் புகட்டப்பட்டுவிட்டது.

2018-இல் புதிய பிரதமர் பொறுப்பேற்ற பின் மேக்கெலாவி மூடப்பட்டது. 2020-இல் பழைய சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் டிக்ரே பகுதியில் போர் மூண்டபின், பத்திரிகையாளர்கள் மீண்டும் கைதாயினர். சட்டத்தின் வாசகத்தை மாற்றுதல் எளிது. ஆட்சியாளர் வாசிக்கும் பழக்கத்தை மாற்றுதல் அரிது என்பதற்கு இது சான்று.

இவ்வழக்கு தொலைநாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடலாகாது எனக் கருதுகிறோம். எத்தியோப்பிய மெக்கானே யேசுஸ் சுவிசேஷத் திருச்சபையின் பொதுச் செயலராகிய குதினா தும்சா, 1979 ஜூலை 28-இல் இராணுவ ஆட்சியினரால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தன் ஊழியர் ஒருவரின் சொல்லுக்கு அரசு செலுத்திய விலையை அந்நாட்டுத் திருச்சபை அறியும். ஆயினும் திருச்சபைகள் பாதிக்கப்பட்டோரின் வரிசையில் மட்டும் நிற்பவையல்ல. சபைக் கணக்கைப் பற்றி வினவும் இளைஞனைச் சபையின் ஒற்றுமையைக் குலைப்பவன் என்றும், நிர்வாகத்தைக் குறைகூறிச் சுற்றறிக்கை எழுதும் ஆயரைக் கலகக்காரர் என்றும் நம் மன்றங்கள் வாசித்ததில்லையா? அங்கும் அவர் எழுதியது யாது என்பது கேட்கப்படுவதில்லை. யாருக்கு எதிராக எழுதினார் என்பதே கேட்கப்படுகிறது.

ஒரு பகுதியை விளக்குமுன் அதனை முழுவதும் படிக்கவேண்டும், சூழலை அறியவேண்டும், ஆசிரியர் கூறாததை அவர் வாயில் திணிக்கலாகாது என நம் மாணவருக்குப் போதிக்கிறோம். இவ்விதிகள் பிரசங்க மேடைக்கு மட்டும் உரியவையல்ல. நம்மைக் கண்டித்து எழுதப்பட்ட கடிதம் நம் மேசைக்கு வரும் நாளிலும் அவை நம்மைக் கட்டுப்படுத்த வேண்டும். அன்று நாம் அக்கடிதத்தை எங்ஙனம் வாசிக்கிறோமோ, அவ்வாறே எத்தியோப்பிய அரசின் வாசிப்பைக் குறைகூற நமக்குள்ள உரிமையும் அமையும்.