ஆண்டவனும் அப்பனும்

கடவுளைக் கைவிட்டான் ஒரு சிறுவன் என்று மேடையேறிச் சொன்னால் நம் கூட்டங்களிலே கையொலி எழும். எலீ வீசல் தீட்டிய ‘இரவு’ என்னும் ஏட்டை அப்படி எடுத்துக் காட்டிப் பேச நம்மவர்க்கு ஆசை பிறப்பது இயல்பே. ஆனால், அந்த ஏட்டை முழுவதும் படித்தவர், தட்டத் தூக்கிய கரத்தை மெல்லத் தாழ்த்திவிடுவர்!

1928ஆம் ஆண்டு சிகெட் எனும் சிற்றூரில் பிறந்தவர் வீசல். பகலெல்லாம் மறைநூல் ஓதல், இரவிலே தொழுகைக் கூடத்தில் கண்ணீர் மல்க வழிபாடு. அதுவே அவருடைய இளமை. தந்தை ஷ்லோமோ கடை நடத்தியவர். ஊர் மதித்த பெரியவர். 1944ஆம் ஆண்டு மே திங்களில், கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைபட்டு அக்குடும்பம் ஆஷ்விட்ஸ் சென்றது. போய்ச் சேர்ந்த இரவிலேயே தாயும் தங்கை சிப்போராவும் ஒரு பக்கம், தந்தையும் மகனும் மறுபக்கம். பதினைந்து வயதுப் பிள்ளை தாயைப் பிறகு காணவேயில்லை.

அவர்கள் செய்த குற்றம்? பிறந்ததே குற்றம்! பாட்டன் பாட்டியின் மதத்தை எண்ணிப் பார்த்து இவன் யூதன், இவன் ஆரியன் என்று வகுத்தன 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள். அந்தக் கணக்கு அறுபது இலட்சம் யூதரின் உயிர் குடித்து முடிந்தது.

நம்பிக்கை சிதையும் இடங்களை வீசல் மூடி மறைக்கவில்லை. யூதரின் புத்தாண்டு நாளில் முகாமிலே ஆயிரமாயிரம் பேர் இறைவனை வாழ்த்துகின்றனர். சிறுவனோ வழக்குத் தொடுப்பவனாக நிமிர்ந்து நிற்கிறான். இதுவரை வந்து ஏட்டை மூடிவிடுவோர் உளர். மூடாமல் மேலே செல்க!

1945 சனவரி. பனியிலே ஓட்டிச் செல்லப்படுகிறது கைதிகளின் கூட்டம். எலியாகு என்ற முதிய சமய குரு, தம் மகனைத் தேடி வருகிறார். தளர்ந்து பின்தங்கிய தந்தையைக் கண்டும், சுமை கழியட்டும் என்றே அம்மகன் முன்னே ஓடியிருக்க வேண்டும் என்பது வீசலுக்குப் புலப்படுகிறது. அப்போது, தாம் நம்பாத அந்தக் கடவுளிடமே அவர் வேண்டுகிறார். உயிரையா? ரொட்டியையா? இல்லை. அம்மகன் செய்ததைத் தாம் ஒருநாளும் செய்யாதிருக்கும் வலிமையை!

இவ்விடத்தை மறைத்து இதனை நாத்திக ஏடு என்பது நேர்மையன்று. இவ்விடத்தை மட்டும் காட்டி ஆத்திகத்தின் வெற்றி என்பதும் பொருந்தாது. ஏனெனில், வேண்டிய வலிமை கிடைத்ததா? புக்கன்வால்டு முகாமிலே, நோயுற்ற தந்தை அடிபட்டபடி மகனை அழைக்கிறார், மகன் அசையவில்லை. சனவரி 29 விடிந்தபோது அவர் படுக்கையில் வேறொருவர். தமக்குக் கண்ணீர் வரவில்லை என்றும், உள்ளத்தின் அடியிலே விடுதலை போன்ற ஓர் உணர்வு இருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார் ஆசிரியர்.

தந்தை ஏவியதும் தாயின் தலையை வெட்டிய பரசுராமனைப் பிள்ளைக்கு இலக்கணமாக்கிற்று நம் புராணம். அங்கே ஐயமில்லை, அழுகையில்லை, குற்றவுணர்வும் இல்லை. தவறிய கணத்தை வாழ்நாளெல்லாம் சுமந்த இந்த மகனோ மனிதன். இலக்கியம் என்பது இதுதான்.

குறையும் உண்டு. தாயும் தங்கையும் சில பக்கங்களிலேயே மறைந்துவிடுகின்றனர். உயிர் தப்பிய தமக்கையர் இருவரின் துயரமும் ஏட்டில் இடம்பெறவில்லை.

நம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலை, 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. மலைமக்கள் கூலியின்றி உழைத்தனர். அதனை ஆஷ்விட்சோடு ஒப்பிடுவது அறியாமை. ஒன்று சுரண்டல், மற்றொன்று இனத்தையே அழிக்கும் திட்டம். ஆயினும், பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் தராசு எவர் கையில் இருந்தாலும் அதனைப் பறித்தெறிவதே நம் கடன்.

பிற்காலத்திலும் வீசல் தம் சமயத்தைத் துறக்கவில்லை. கேள்வி கேட்பதையும் விடவில்லை. 1986இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, 2016இல் மறைந்தார். தொழுபவனோடு நமக்குப் பகையில்லை, தோழர்களே! தொழுதவனையும் தொழாதவனையும் ஒரே சூளையிலே இட்ட பிறவிப் பேதத்தோடுதான் நம் போர். அதை உணர விழைவோர், ‘இரவு’ ஏட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.