சாட்சியும் சரக்கும்: இணையகாலத்துத் தன்னனுபவக் கட்டுரை

எழுதுபவர் தம் வாழ்வில் நேர்ந்ததைக் கருவாகக் கொண்டு, அதன் வழியே ஒரு பொதுக் கேள்வியை ஆராயும் உரைநடையே தன்னனுபவக் கட்டுரை எனப்படுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் மோன்டேய்ன் 1580-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கும் இந்த வடிவம், 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இணைய இதழ்களில், பெரும்பாலும் பெண்களின் கையில், பெருகி வளர்ந்தது. ஜெசபெல், தி ஹேர்பின், எக்ஸோஜேன், தி டோஸ்ட் ஆகிய தளங்கள் அதற்குக் களம் அமைத்தன. இவற்றில் முதல் இரண்டின் ஆசிரியர் குழுவில் இருந்த ஜியா டோலென்டினோ, அந்தப் பெருக்கம் முடிந்துவிட்டதென 2017 மே மாதம் நியூயார்க்கர் தளத்தில் எழுதினார். அலை வடிந்துவிட்ட நிலையில், அது ஈட்டியது எது, இழந்தது எது என்று நிதானமாக எடைபோட முடிகிறது.

முதல் ஈட்டம், எழுத்துலகுக்குள் நுழையும் வாயில் அகன்றது. அச்சிதழ்களில் அறிமுகமோ பட்டமோ இல்லாதவர்களுக்கும் இணையம் இடம் தந்தது. கருச்சிதைவு, நோய், உடற்பருமன், பாலியல் வன்முறை போன்றவை அந்தரங்கம் என்ற பெயரில் ஒதுக்கப்படாமல் விவாதத்துக்குரிய பொருள்களாயின. ரெபெக்கா சோல்னிட் 2008-இல் டாம்டிஸ்பேட்ச் தளத்தில் எழுதிய கட்டுரை இதற்குத் தக்க சான்று. ஒரு விருந்தில், நிழற்படக் கலைஞர் மைபிரிட்ஜ் பற்றி அவ்விருந்து நடந்த ஆண்டில் வந்த முக்கியமான நூலைக் குறித்து ஒரு பெரியவர் சோல்னிட்டுக்கே பாடம் நடத்துகிறார். அது சோல்னிட்டின் நூல்தான் என்று தோழி இடைமறித்துப் பலமுறை சொன்ன பிறகே அந்தப் பெரியவருக்கு உறைக்கிறது. அந்த நூலை அவர் படித்ததுமில்லை, மதிப்புரையைத்தான் பார்த்திருக்கிறார். கட்டுரை இந்த வேடிக்கையோடு நின்றுவிடாமல், பெண்ணின் சொல் நம்பத்தக்கதாகக் கொள்ளப்படாத நிலை விருந்து மேசையிலிருந்து சட்டம் வரை நீள்வதைக் காட்டுகிறது. இங்கே சொந்த அனுபவம் ஒரு வழக்கின் சாட்சியமாக நிற்கிறது.

லெஸ்லி ஜேமிசன் 2014-இல் வெளியிட்ட ‘தி எம்பதி எக்ஸாம்ஸ்’ தொகுப்பின் தலைப்புக் கட்டுரை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளியாக நடிக்கும் வேலையில் இருந்த அவர், மாணவர் பரிவைச் சொல்லால் வெளிப்படுத்தினாரா என்று மதிப்பெண் தாளில் குறிக்க வேண்டியிருந்ததை விவரித்து, தமது கருக்கலைப்பையும் இதய அறுவைச் சிகிச்சையையும் அதன் அருகில் வைக்கிறார். பரிவு என்பது இயல்பான உணர்ச்சியா, பழகிப் பெறும் ஒழுக்கமா என்ற கேள்வி இந்த அடுக்கிலிருந்தே எழுகிறது. வலியை மட்டும் சொல்லியிருந்தால் அது எழுந்திராது.

குறை, இந்த எழுத்தை விலைக்கு வாங்கிய சந்தையில் இருந்தது. களத்துக்குச் சென்று செய்தி திரட்டப் பயணச் செலவும் நாள்களும் தேவை. சொந்த அனுபவத்தை எழுத இரண்டும் வேண்டியதில்லை. பக்கப்பார்வையைப் பொறுத்தே விளம்பர வருவாய் அமைந்ததாலும், வாசகர்கள் பெரும்பாலும் பேஸ்புக் வழியே வந்ததாலும், அதிர்ச்சி தரும் தலைப்புக்கே கிராக்கி இருந்தது. ‘எனக்கு நேர்ந்தது’ என்று பொருள்படும் பெயர் கொண்ட எக்ஸோஜேன் பகுதி, அந்தப் பெயரிலேயே நிகழ்வை முன்னிறுத்தி, அதைப் பற்றிய சிந்தனையைப் பின்னுக்குத் தள்ளியது. லாரா பென்னட் 2015-இல் ஸ்லேட் இதழில் இதை ஒரு தொழிற்சாலை அமைப்பாகவே கண்டு விமர்சித்தார். அனுபவமில்லாத இளம் எழுத்தாளர், சொற்பச் சன்மானத்துக்கு, வாழ்வின் ஆகக் கொடிய நாளை எழுதிக் கொடுப்பார். வசைகளைத் தனியே தாங்குவார். தேடுபொறியில் அவர் பெயரோடு அந்த நாள் நிலையாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த கட்டுரைக்கு அதைவிடப் பெரிய காயம் கேட்கப்படும்.

எனினும், இவற்றைத் தற்காதல் என்று ஒரேயடியாகத் தள்ளியவர்களின் அளவுகோலும் நேரானதன்று. நார்வே எழுத்தாளர் கார்ல் ஊவே க்னவுஸ்கார்ட் 2009 முதல் 2011 வரை ஆறு பாகங்களில் தம் குடும்பத்தையே அம்பலப்படுத்தி எழுதியதை, உறவினரின் எதிர்ப்பையும் மீறி, இலக்கியத் துணிவு என்று போற்றிய உலகம், பெண் எழுதியபோது அடக்கமின்மை என்றது. ‘தான்’ எழுத்தில் வருவது குற்றமன்று. ஜோன் டிடியன் ‘தி ஒயிட் ஆல்பம்’ என்ற கட்டுரையில் தமது மனநல அறிக்கையையே எடுத்துத் தந்து, அந்த நிலைகுலைவு 1968-ஆம் ஆண்டின் கோடைக்குப் பொருந்தாத எதிர்வினையன்று என்று முடிவுகட்டினார். அறிக்கை அவருடையது, நோய்க்குறி காலத்துடையது. அதை எழுதி முடிக்க அவருக்கு ஆண்டுகள் கிடைத்தன. இணைய இதழ்கள் தம் எழுத்தாளர்களுக்கு மறுத்தது அந்த அவகாசத்தைத்தான்.

எக்ஸோஜேனும் டோஸ்ட்டும் 2016-இலும் ஹேர்பின் 2018-இலும் நின்றுபோயின. 2017-இல் தொடங்கிய சப்ஸ்டாக், சந்தாதாரரே எழுத்தாளருக்குப் பணம் செலுத்தும் முறையால் விளம்பரத்தின் பிடியைத் தளர்த்தியிருக்கிறது. ஆனால் சந்தா சேர்வது ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கே எளிது. புதியவரின் முதல் வரைவை வாசித்து, இது ஏன் பிறருக்கு முக்கியம் என்று கேட்கும் பதிப்பாசிரியர் அங்கே இல்லை. ஆகவே கூலிக் குறையை ஓரளவு தீர்த்த இணையம், செம்மையாக்கக் குறையை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. தன்னனுபவக் கட்டுரையின் தரத்தை இனி நிர்ணயிக்கப்போவது எழுதுபவரின் துணிவைவிட, அவருக்கு இரண்டாம் வரைவு எழுத நேரமும் கூலியும் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வருமா என்பதுதான்.