பீப்பாய் மேல் ஒரு மண்டபம்

திருவாரூர் கமலாலயக் குளத்துத் தெப்பத்தைக் கட்டும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும். திருவிழா இரவில் விளக்கு அலங்காரமும் நாகஸ்வரமும் நம்மை இழுத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் வேலை கண்ணில் படாது.

அடியில் கிடப்பவை வெறும் பீப்பாய்கள். 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் முழுக்க அமிழ்ந்தால் நீர் அதை 200 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். அதன் சொந்த எடை சுமார் 20 கிலோவைக் கழித்தாலும் இரண்டு மூன்று ஆள் பாரம் மிச்சம். ஆனால் மூடியின் வாஷர் கச்சிதமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே கசிந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் குடியேறிவிடும்.

பீப்பாய்களை நெருக்கி அடுக்கி, மேலே மரங்களைப் பரப்பி இறுக்கிக் கட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது தெப்பத்தின் அகலம். சாமியோடு நூற்றுக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள், கச்சேரியும் அதன்மேலேயே நடக்கிறது. கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கப் பீப்பாய்கள் கூடுதலாக அமிழும்; அமிழ்ந்த அளவுக்கு நீரும் கூடுதலாக முட்டுக்கொடுக்கும். குறுகலான மிதவைக்கு இந்த நிதானம் வராது.

மூன்று இரவுகள், ஒவ்வோர் இரவும் குளத்தை மூன்று சுற்று. கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். மூலையில் திரும்பும்போதுதான் அனுபவம் வேண்டும்: நீரில் தரை கிடையாது, பிரேக் கிடையாது, இவ்வளவு கனத்தின் வேகத்தை முன்கூட்டியே தளர்த்தத் தெரிந்த கைகள் அவை.