கோடு கிழித்த வீடு: ‘சம்சாரம் அது மின்சாரம்’ குறித்து ஒரு மறுநோக்கு

அண்மையில் காட்டேரிக்குப்பத்தில் ஒரு வீட்டு ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். தொலைக்காட்சியில், விசு எழுதி இயக்கி ஏ.வி.எம். நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘சம்சாரம் அது மின்சாரம்’ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டார் அனைவரும் சிரித்தனர். இந்துக் குடும்பத்தினின்று வந்த மருமகள் மாத்திரம் சிரிக்கவில்லை.

நல்ல பொழுதுபோக்குப் படமெனத் தேசிய விருது பெற்ற இப்படத்தின் நிறைகளை மறுப்பதற்கில்லை. பணக் கணக்கால் தந்தையும் மூத்த மகனும் பிரிய, வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்படும் காட்சி எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் நடுச்சுவரை நினைப்பூட்டுகிறது. கூடிவாழ்ந்து மீண்டும் புண்படுவதினும், விலகியிருந்து அன்பைக் காப்பதே மேலென மூத்த மருமகள் உமா முடிவில் உரைப்பதும் நேர்மையானதே.

ஆயினும் இருவகையில் இப்படம் நம்மை ஏமாற்றுகிறது. முதலாவது, பணிப்பெண் கண்ணம்மா. மனோரமாவின் நடிப்பில் அவளே வீட்டின் சிக்கலை அவிழ்க்கிறாள்; திரையரங்கை அதிரவைப்பவளும் அவளே. எனினும் அவளது கூலி என்ன, குடிசை எங்கே என்று படம் கவலைப்படவில்லை. நடுத்தர வர்க்கம் தன் கண்ணீரைத் துடைக்க ஏழையின் முந்தானையை இரவல் வாங்குகிறது; திருப்பித் தரும் எண்ணம் அதற்கில்லை.

இரண்டாவது, முதலியார் வீட்டுச் சரோஜினிக்கும் கிறிஸ்தவரான ஆல்பர்ட் பெர்னாண்டஸின் மகன் பீட்டருக்கும் நடக்கும் கலப்புமணம். மணவாழ்வில் எழும் பிணக்கு ஒரு பாசாங்குச் சண்டையால் தீர்க்கப்படுகிறது. இரு விசுவாசங்கள் ஒரு கூரையின்கீழ் வாழ்வது எங்ஙனம் என்ற வினாவோ நகைச்சுவையில் கரைந்துபோகிறது. ஒப்புரவாகுதல் உண்மையைப் பேசுவதிலிருந்து பிறக்கவேண்டும். தந்திரம் சமாதானத்தைத் தரலாம், ஒப்புரவைத் தராது.

ஜெபம் முடிந்தபின் அம்மருமகள் என்னிடம், “ஐயா, அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாருமே கேக்கலியே?” என்றாள். படத்தைக் குறை கூற எழுந்த என் நா அடங்கிற்று. அவள் நம் சபைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஞானஸ்நானம் எப்பொழுது என்று நான் பலமுறை வினவியிருக்கிறேன். அவள் கூறிய அவ்வொரு கேள்வியை நானும் கேட்டதில்லை.

திரைப்படத்திற்கு இரண்டரை மணி நேரமே உண்டு. போதகராகிய நமக்கு அச்சாக்குப்போக்கும் இல்லை.