கடலுக்கு அப்பால் வாழ்வு உண்டா?

கரும்பு வெட்டு முடிந்திருந்த நாள்களில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, முக்கால் ஏக்கரை ஒத்தி வைத்துப் பையனை மலேசியாவுக்கு அனுப்பலாமென்று இருக்கிறோம். அங்கே போனால் பிழைத்துக்கொள்வானா?" என்று கேட்டார். உடனே விடைகூற நமக்கு இயலவில்லை. கோமுகி அணையும் சர்க்கரை ஆலையும் அருகிருந்தும் கச்சிராயபாளையத்து இளைஞர் கடல் கடக்க நினைப்பது ஏன் என்பது ஒரு வினா. கடந்தால் செழிப்பார்களா என்பது வேறொரு வினா. இந்த இரண்டாம் வினாவை மனத்திற்கொண்டு நாம் மீண்டும் கையிலெடுத்த நூல், ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'.

சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த சிங்காரம், இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றவர். போர் ஓய்ந்தபின் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியாற்றி, 1997-இல் மறைந்தவர். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். 1959-இல் வெளிவந்தது இந்நூல். 1972-இல் வந்த 'புயலிலே ஒரு தோணி' அதனினும் புகழ்பெற்றது. எனினும், பிழைக்கச் சென்றவனின் கதை என்ற அளவில், முந்தைய நூலே நம் வினாவுக்கு நெருக்கமானது.

பினாங்கில் வட்டித் தொழில் நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்த்தவன் செல்லையா. நேதாஜியின் படையில் சேர்ந்து போரிட்டுத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள். ஆனால், துப்பாக்கி பிடித்த கை இனிக் கணக்குப்பேரேடு பிடிக்காது என எண்ணும் பிள்ளை, மகளை நாகலிங்கத்துக்குக் கொடுக்க முடிவு செய்கிறார். செல்லையா தன் இழப்பை ஏற்றுக்கொள்கிறான்.

இக்கதையின் உயர்வு எதில் உள்ளது? பிள்ளையை ஆசிரியர் கொடியவராக்கவில்லை. தாம் பாடுபட்டு ஊன்றிய தொழில் தம் காலத்துக்குப்பின் நிலைக்க வேண்டும் என்ற அவருடைய அச்சம் நமக்கு விளங்குகிறது. அந்நிய மண்ணில் சேர்த்த செல்வம், தன்னைச் சேர்த்தவனையே எவ்வாறு காவற்காரனாக்கிவிடுகிறது என்பதை இதைவிட அமைதியாகச் சொன்ன தமிழ் நாவல் அரிது.

ஆயினும் நமக்கொரு குறை உண்டு. நாவல் பெரிதும் கடைக்குள்ளேயே நிற்கிறது. வட்டி கட்டுபவர் யார், கட்ட இயலாதபோது அவர் நிலம் என்னாயிற்று என்பவை நிழலாகவே கடந்துபோகின்றன. கடைக்குச் சென்ற இளைஞனுக்கு உறவின் துணை இருந்தது. தொழில் கற்றுத்தர மூத்தோர் இருந்தனர். தவணை முடிந்தால் ஊர் திரும்பும் வழியும் இருந்தது. தோட்டத்துக்குச் சென்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கங்காணி தந்த முன்பணமே அவனுடைய முதற் சுமை. அவன் கப்பலேறும்போதே கடனாளி.

அந்த மறுபக்கத்தை அறிய, புதுமைப்பித்தன் 1935-இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி'யை இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி அங்கே இழப்பது கூலியை மட்டுமன்று, தன் உடல்நலத்தையும் மானத்தையுமே. செல்லையாவுக்கு மனவுறுதி மருந்தாகிறது. மருதிக்கு அம்மருந்தை நீட்ட நமக்குத் துணிவு வருமா? மனத்தை வென்றால் போதும் என்ற ஆறுதல், கடனின்றிப் போனவனுக்கே பொருந்தும் என்பது நம் எண்ணம்.

சேர்த்தது நிலைக்குமா என்பதும் நாடு செழிப்பானதா என்பதைப் பொறுத்ததன்று. இலங்கையைத் தேயிலையால் வளப்படுத்திய மக்களை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா – சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலேசியாவிலோ 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பிள்ளைகள் பள்ளி சென்றனர். பால் மரம் வெட்டியவரின் பேரர்களில் ஆசிரியரும் மருத்துவரும் வழக்கறிஞரும் உண்டு. ஆகவே "செழிக்க முடியாது" என்பதும் உண்மையன்று. ஆனால், அந்தச் செழிப்பின் விலையை முதல் தலைமுறை கொடுத்தது; பயனை மூன்றாம் தலைமுறை கண்டது.

விவிலியத்திலும் இவ்விரு முகங்களும் உள. பஞ்சத்தில் யாக்கோபின் குடும்பத்துக்குச் சோறிட்ட எகிப்தே பின்னர் அவர்தம் வழிமரபினரைச் செங்கல் சூளையில் அடிமைகளாக்கியது. மோவாபியப் பெண் ரூத்து பெத்லகேமில் வாழ்வு பெற்றாள். பெத்லகேம் செல்வ நகரமாக இருந்ததால் அன்று. அறுவடை வயலின் சிந்திய கதிர் அந்நியருக்கும் ஏழைக்கும் உரியது என்ற சட்டம் அங்கே இருந்ததால். அச்சட்டத்தை மதித்த போவாசு என்ற மனிதர் இருந்ததால்.

அந்தத் தாயிடம் நாம் கூறியது இவ்வளவே: "அம்மா, அந்த நாடு பணக்கார நாடா என்று கேட்காதீர்கள். பையன் கடனோடு போகிறானா, கடனின்றிப் போகிறானா என்று கேளுங்கள். முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா, ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயரும் சம்பளமும் உள்ளனவா என்று பாருங்கள். நிலத்தை மட்டும் ஒத்தி வைக்காதீர்கள். திரும்பி வர ஓர் இடம் வேண்டும்."

"அப்படியானால் போகலாம் என்கிறீர்களா, சாமி?" என்றார் அவர். போகவேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இங்கே அவனுக்கு வேலை தர நம்மால் இயலவில்லையே. சிங்காரத்தின் நூலை மூடிவைத்த பின்னும் நம்மை விட்டு அகலாத குற்ற உணர்வு இதுதான்.