ஓலையும் கருக்கும்

ஜனவரியில் சென்னை நந்தனத்துப் புத்தகக் காட்சியிலிருந்து வெளியே வருகிறவர்களின் பைகளைப் பார்த்தால் போதும், அவர்களின் ருசி தெரிந்துவிடும். நாவல் பிடித்தவர் பையில் நாவல், வரலாறு பிடித்தவர் பையில் வரலாறு. அப்படிப் பல வருடங்களாக நாவல்களையே சுமந்து வந்த ஒரு வாசகர், போன வருடம் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார்: ஒரே ரகத்தில் இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து எடுப்பதில்லை. நாவலுக்குப் பின் நாட்குறிப்பு வரலாம், பயண நூல் வரலாம், அகராதிகூட வரலாம். இன்னொரு நாவல் மட்டும் வரக்கூடாது. வருடம் முடிகிறபோது அந்த நிபந்தனை ஒரே ஒரு முறைதான் மீறப்பட்டிருந்தது.

தொடக்கம் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் கண்மூடும் காலம்வரை வைத்திருந்த நாட்குறிப்பு. இதில் இலக்கியம் தேடிப் போகிறவருக்கு முதல் ஐம்பது பக்கத்திலேயே தலை சுற்றும். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், குவர்னர் யாரிடம் முகம் கொடுத்துப் பேசினார் என்று ஒரு வியாபாரியின் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் அப்படியே பக்கத்தில் இறங்கியிருக்கின்றன. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். பழகிவிட்டாலோ, ருசியே அதில்தான். மெருகேற்றாத பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ், தன் போக்கில் நடந்து போகிறது. குவர்னர் துப்ளேக்ஸ் மேல் பிள்ளை வைத்திருந்த மதிப்பும், துப்ளேக்ஸின் மனைவி மேல் அவருக்கிருந்த கசப்பும் ஒளிவுமறைவில்லாமல் தெரிகின்றன.

அதைக் கீழே வைத்த கையோடு எடுத்தது, அதே நாட்குறிப்பை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’. நாவலை முதலில் படித்தவருக்கு நாட்குறிப்பு வறண்டு தெரியும். நாட்குறிப்பை முதலில் படித்தவருக்கோ, துபாஷின் கண் படாத இடங்களில் நாவலாசிரியர் எங்கெல்லாம் விளக்கேற்றினார் என்பது புரியும். இதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனாலும் முதல் நூலில் இருக்கும் வேகம் தனி.

அடுத்த ஜோடி தானாகவே அமைந்தது. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது ஏ.கே. செட்டியாருக்கு ஓர் எண்ணம் தோன்றியது: காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும். அதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போய்த் துண்டு துண்டாகக் கிடந்த படச்சுருள்களைத் திரட்டினார். 1940இல் படம் வெளிவந்தது. அந்த அலைச்சலின் கதைதான் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. யுத்த மேகம் சூழ்ந்த காலத்தில் இத்தனை தூரம் சுற்றிய மனிதர், தன்னைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறார். வாக்கியங்கள் சின்னவை. வியப்புக் குறிக்கு வேலையில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று வாசகருக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். பெருமை பேசத் தெரியாதவர்களின் எழுத்தில் வரும் தாகம் அது.

அந்த அடக்கத்துக்கு நேர் எதிரே நிற்பது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அதே காலம், அதே கடல். செட்டியார் ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகை நடத்தியவர். சிங்காரம் பிழைக்கப் போன இடம் இந்தோனேசியாவின் மெடான். ஜப்பானியர் நுழைந்த நகரம், வட்டிக்கடை அடுத்தாள்கள், நேதாஜியின் படை, எங்கோ இருக்கும் மதுரைத் தெருக்களின் ஞாபகம் எல்லாம் இந்த நாவலில் கலந்து கொதிக்கின்றன. சங்கப் பாட்டும் குடிகாரர் பேச்சும் மலாய்ச் சொல்லும் ஒரே பக்கத்தில் உரசிக்கொள்ளும். 1962இல் எழுதி முடித்த நாவல் அச்சேற 1972 ஆயிற்று. சிங்காரம் வேறு நாவல் எழுதியது ‘கடலுக்கு அப்பால்’ ஒன்றுதான். மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, இலக்கியச் சந்தடிகளில் தலைகாட்டாமலே 1997இல் காலமானார். போன வருடத்து நாவல்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், அந்த வாசகர் யோசிக்காமல் சொல்லும் பெயர் இது.

இந்தச் சூட்டைத் தணிக்க இரண்டு புத்தகங்கள் உதவின. ஒன்று, கி. ராஜநாராயணனின் ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’. இடைசெவல் விவசாயி ஒருவர் தன் மண்ணின் சொற்களைத் திரட்டி 1982இல் கொண்டுவந்தது. அகராதியை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தூங்கப் போகுமுன் எங்காவது பிரித்து ஒரு பக்கம் படித்தால், காலையில் ஒரு சொல்லாவது நாக்கில் மிச்சமிருக்கும். இன்னொன்று, மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் இவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கை பற்றி ஆங்கிலத்தில் பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்திராவிட்டால் அவருடைய இந்தப் பக்கம் மறந்தே போயிருக்கும். வெளிநாட்டு மரங்களை நட்டு ஊரை அழகுபடுத்தும் பழக்கத்தைக் கடைசிவரை ஏற்காத பிடிவாதக்காரர், தமிழ் எழுதும்போது ஒரு பறவையின் நடையை நாலு சொல்லில் பிடித்துவிடுகிறார்.

மொழிபெயர்ப்பில் ஒன்றுதான் சொல்ல வேண்டுமென்றால், தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. வங்கத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர் த.நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்தே மரணம் நெருங்குவதைச் சொல்லிவிடும் வைத்தியர் ஜீவன் மசாய், பெற்ற மகனின் கையையும் பிடித்துப் பார்க்க நேர்கிறது. ஊசியும் மருந்துப் புட்டியுமாக வரும் புது டாக்டர் ஒரு பக்கம், நாடியை நம்பும் கிழவர் ஒரு பக்கம். யாரையும் முட்டாளாக்காமல் இந்த மோதலை நடத்திக் காட்டுவதில்தான் ஆசிரியரின் நிதானம் இருக்கிறது.

இனி, நிபந்தனை மீறப்பட்ட இடம். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை முடித்த மறுநாள், பாமாவின் ‘கருக்கு’. இரண்டும் தன்வரலாறு. ஒன்று ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது. மற்றது 1992இல் வெளியான மெல்லிய நூல்.

‘என் சரித்திர’த்தில் மறக்க முடியாத இடம் 1880ஆம் வருடக் கும்பகோணம். முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம் என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் முகத்தில் சலனமே இல்லை. இவையெல்லாம் போகட்டும், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பதுதான் அவர் கேள்வி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணவர், அந்த இடத்தில் தான் சிறுத்துப்போனதை மறைக்காமல் எழுதுகிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்ததற்கு விதை அந்தக் கேள்விதான். தன் அறியாமையைச் சொல்ல வயது எண்பத்தைந்தைத் தாண்டிய அறிஞருக்குக் கூச்சமில்லை. இந்த நடையின் அழகே அது.

‘கருக்கு’விலும் படிப்புத்தான் உயிர்நாடி. ஆனால் இங்கே ஒரு சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். முதலில் சிரிப்பு வருகிறது. தொட்டால் தீட்டு என்கிற சாதி வழக்கம்தான் காரணம் என்று அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. நல்லாப் படித்தால்தான் இந்த அவமானம் போகும் என்கிற அண்ணனின் அறிவுரை அவளைக் கடைசிவரை துரத்துகிறது. எழுத்து முழுக்க ஊர்ப் பேச்சு. திருத்தப்படாத அந்தக் குரல்தான் நூலின் பலம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் கண்ணில் ஒரு பனைமரம் படாமல் போகாது. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடியது பனையோலைச் சுவடி. கருக்கு என்பது அதே மரத்து மட்டையின் இரு விளிம்பிலும் ரம்பம்போல் நிற்கும் பல்வரிசை. ஒருவர் கையில் ஓலை கிடைத்தது, இன்னொருவர் கையைக் கருக்குக் கிழித்தது. தமிழில் படிப்பு என்று நாம் சொல்வதன் முழு உருவம் தெரிய இந்த இரண்டு புத்தகங்களும் வேண்டும். ரகம் பிரித்து வாசிக்கும் நிபந்தனையை மீறியதில் வந்த லாபம் இது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘என் சரித்திர’த்தின் பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம், வாரா வாரம் வாசகர் காத்திருந்து படித்த தொடர் அது, இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும். இடையில் அகராதியும் கிருஷ்ணனும் இருக்கட்டும். சிங்காரத்தை மட்டும் விடுமுறை நாளில் எடுங்கள், பாதியில் வைக்க முடியாது.

சாமிநாதையர் 1942 ஏப்ரல் 28இல் காலமானார்; சரித்திரம் பாதியில் நின்றது. தன் கதையை முடிக்காத அவர், ஆசிரியரின் கதையை முன்பே இரண்டு பாகங்களாக எழுதி முடித்திருந்தார். ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ என்ற அந்த நூல்தான் வருகிற ஜனவரிக்கு முதல் புத்தகமாக அந்த வாசகரின் மேஜையில் இருக்கிறது.